ரிச்சி தெருவில் கேசட்டை டிவிடியாக்கும் கடை: படம் திக்கினால் குறை எங்கே?

பழைய வீடியோ கேசட்டுகளை டிவிடியாக மாற்றித் தரும் கடைகள் சென்னையில் வெகுவாகக் குறைந்துவிட்டன. அண்ணா சாலையிலிருந்து பிரியும் ரிச்சி தெருவிலும் அதையொட்டிய சந்துகளிலும் தேடினால் இன்னும் சில கிடைக்கும். அவற்றில் ஒன்றிடம், மாடிப்படி ஏறிச் செல்ல வேண்டிய மிகச் சிறிய கடை அது, எங்கள் அக்காவின் கல்யாண விஎச்எஸ் கேசட்டையும் சில ஆண்டுகள் கழித்து எடுத்த வளைகாப்பு மினி டிவி (MiniDV, எண்ம வீடியோ கேமராவின் சிறிய கேசட்) கேசட்டையும் கொடுத்து வாங்கினேன். குறைகளையும் சேர்த்தே எழுதுவதால் கடையின் பெயரைத் தவிர்க்கிறேன். இதே முறையில் வேலை செய்யும் கடைகள் பலவாதலால், பெயர் இல்லாமலும் இந்த மதிப்புரை பயன்படும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். கேசட்டிலிருந்து படத்தை எடுக்கும் வேலையில் இந்தக் கடைக்குத் தாராளமாக நல்ல மதிப்பெண் கொடுப்பேன். எடுத்த படத்தை வட்டில் எழுதும் வேலையில் பாதி மதிப்பெண்கூடத் தர மனம் வரவில்லை.

நல்லதைப் பேசிவிடுகிறேன். சென்னையின் ஈரக்காற்றில் பீரோவுக்குள் பல ஆண்டுகள் கிடந்த கேசட்டின் நாடாச் சுருளில் வெள்ளைப் பூஞ்சை படர்வது வழக்கம். அதை அப்படியே விசிஆரில் போட்டால் ஹெட் அழுக்காகும், அடுத்தவர் கேசட்டுக்கும் பூஞ்சை தொற்றும். இந்தக் கடையில் கேசட்டின் பிளாஸ்டிக் உறையைத் திறந்து நாடாவைத் துடைத்து, ஹெட்டையும் சுத்தம் செய்த பிறகே ஓட்டினார்கள். பதிவு, நிறத்தையும் ஒளிர்வையும் தனித்தனியே கடத்தும் எஸ்-வீடியோ இணைப்பு வழியாக நடந்தது. மினி டிவி கேசட்டை ஃபயர்வயர் கம்பி மூலம் எண்ம வடிவிலேயே இறக்கினார்கள். முகூர்த்த நேரத்துப் பட்டுப்புடவைகளின் நிறம் வழியாமல் வந்திருந்தது. கேசட் ஒன்றுக்குச் சில நூறு ரூபாய் என்ற கூலி இந்த உழைப்புக்கு அதிகமில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவின் பழைய டிவிடி பிளேயரில் போட்டபோதுதான் கதை மாறியது. கல்யாண வட்டு முதலில் ஒழுங்காக ஓடி, ரிசப்ஷன் பகுதிக்கு வந்ததும் விட்டு விட்டு ஓடத் தொடங்கியது. மேடையில் பரிசுப் பொட்டலத்தோடு நிற்பவர் உறைந்து போவார், பிறகு கை குலுக்காமலே இறங்கியிருப்பார். வளைகாப்பு வட்டோ தொடக்கத்திலிருந்தே அங்கங்கே நின்றது. நிற்காத இடங்களிலும் யாராவது நடந்தால் அவருடைய உருவம் முன்னும் பின்னும் அதிர்ந்தது. கடைக்குத் தொலைபேசியில் சொன்னபோது, "பிளேயர் லென்ஸ் வீக்கா இருக்கும் சார், வேற பிளேயர்ல போட்டுப் பாருங்க" என்ற பதில் வந்தது. எல்லாக் கடைகளும் சொல்லும் பதில் இது. லென்ஸில் தூசி படிவது உண்மைதான் என்பதால் முற்றிலும் பொய்யென்றும் தள்ளிவிட முடியாது. ஆனால் அதே பிளேயர், ஆலையில் பதிந்து விற்கும் அச்சு வட்டு ஒன்றைத் தொடக்கம் முதல் முடிவு வரை தடங்கலின்றி ஓட்டிக் காட்டியது. ஆகவே சந்தேகம் வட்டின் மேல் திரும்புவதே முறை.

வட்டு திக்கும்போது முதலில் செய்ய வேண்டிய சோதனை மிக எளிது: வட்டில் உள்ளவற்றை முழுவதுமாகக் கணினியின் ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்து, அந்த நகலை விஎல்சி போன்ற மென்பொருளில் ஓட்டிப் பார்க்க வேண்டும். நகல் வழுக்கிக்கொண்டு ஓடினால் படத்தில் குறையில்லை, வட்டை வாசிப்பதில்தான் சிக்கல். நகலும் அதே இடத்தில் தடுமாறினால் குறை படத்தைச் சுருக்கிய விதத்திலேயே இருக்கிறது. நகலெடுக்கும் வேகத்தையும் கவனிக்கலாம். கல்யாண வட்டில் நகல் வேலை விறுவிறுவென்று நடந்து, கடைசிப் பகுதியில் தவழ்ந்து, டிரைவ் உறுமிக்கொண்டு ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் தேடியது. ரிசப்ஷன் பகுதி அந்த இடத்தில்தான் பதிவாகியிருந்தது.

காரணம் வட்டின் அமைப்பிலேயே உள்ளது. டிவிடியில் பதிவு உள்வட்டத்தில் தொடங்கி வெளிவிளிம்பை நோக்கிச் செல்கிறது. ஓரடுக்கு வட்டின் கொள்ளளவு 4.7 ஜிபி, அதாவது 470 கோடி பைட். கணினி 1024-இன் மடங்குகளில் எண்ணுவதால் அதையே 4.37 ஜிபி என்று காட்டும். மூன்று மணி நேரக் கேசட்டை ஒரே வட்டில் அடக்கும் ஆசையில் கடைக்காரர் விளிம்பு வரை நிரப்பியிருந்தார். விலை குறைந்த வட்டுகளில், லேசர் பதிவு செய்யும் சாயப்பூச்சு சீரற்றுப் போவது பெரும்பாலும் விளிம்புப் பகுதியில்தான். போதாக்குறைக்கு எழுதிய வேகம், டிவிடியின் சாதாரண ஓட்ட வேகத்தைப் போல 16 மடங்கு. விளிம்பை எட்டும்போது அந்த வேகத்தில் வட்டு நிமிடத்துக்கு ஒன்பதாயிரம் சுற்றுக்கும் மேல் சுழலும், லேசருக்கு ஒவ்வொரு புள்ளியையும் எரிக்கக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு.

இவற்றையெல்லாம் விட எனக்கு எரிச்சலூட்டியது மணமக்கள் படம் போட்ட ஸ்டிக்கர். வட்டின் முகத்தில் காகிதம் ஒட்டுவது பார்க்க அழகு. ஆனால் நம் ஊர் மழைக்காலத்தில் அந்தக் காகிதம் ஈரத்தை உறிஞ்சி, சித்திரை வெயிலில் காய்ந்து சுருங்குகிறது. வட்டும் அதோடு சேர்ந்து லேசாக வளைகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த வளைவும் விளிம்பில்தான் அதிகம், அங்கே லேசர் கோணலாக விழுந்தால் பிளேயர் தடுமாறாமல் என்ன செய்யும்? ஒட்டிய ஸ்டிக்கரைப் பிய்க்கவும் கூடாது; குறிப்பாக ஒரு ஓரத்தை மட்டும் பிய்த்துவிட்டால் வட்டு சமநிலை இழந்து முன்னிலும் மோசமாகும். எழுத்து வேண்டுமென்றால் சாராயம் கலக்காத மார்க்கர் பேனாவில் நடுப்பகுதியில் எழுதினால் போதும், அல்லது நேரடியாக அச்சிடக்கூடிய வெள்ளை முக வட்டுகளைக் கேட்டு வாங்கலாம்.

வளைகாப்பு வட்டின் நோய் வேறு. அதன் நகல் ஹார்ட் டிஸ்கில் எங்கும் நிற்காமல் ஓடியது; பிளேயரில் மட்டும்தான் நின்றது. மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் திறந்து பார்த்தபோது படத்தின் பிட்ரேட், அதாவது ஒரு வினாடிப் படத்துக்குச் செலவாகும் தரவின் அளவு, வினாடிக்கு ஏறத்தாழ 9 மெகாபிட் என்று காட்டியது. டிவிடி வீடியோ விதிப்படி எம்பெக்-2 என்ற முறையில் சுருக்கிய படத்துக்கு 9.8 மெகாபிட் வரையிலும், ஒலி முதலிய எல்லாம் சேர்த்து 10.08 மெகாபிட் வரையிலும் அனுமதி உண்டு. ஆகவே கடைக்காரர் விதியை மீறவில்லை. ஆனால் பிளேயர் சாதாரண வேகத்தில் வட்டிலிருந்து வாசிக்கக்கூடியது வினாடிக்குச் சுமார் 11 மெகாபிட்தான். அச்சு வட்டில் முதல் முயற்சியிலேயே வாசிப்பு சரியாக அமைவதால் இந்தக் குறுகிய இடைவெளி போதுமானதாகிறது. வீட்டிலோ கடையிலோ எழுதிய வட்டில் ஓரிடத்தை இரண்டாம் முறை வாசிக்க வேண்டி வந்தால் பிளேயரின் சிறிய தற்காலிக நினைவகம் காலியாகி, படம் நின்றுவிடுகிறது. மாதச் சம்பளம் முழுவதையும் முதல் தேதியிலேயே செலவுக்கு ஒதுக்கிவிட்ட குடும்பத்தில் எதிர்பாராத ஒரு மருத்துவச் செலவு வந்து நிற்பதைப் போன்றது இது. உச்சம் 8 மெகாபிட்டைத் தாண்டாமல், சராசரி 5 முதல் 6 வரை வைத்தால் வீட்டு வீடியோவின் தரத்தில் கண்ணுக்குத் தெரியும் குறை எதுவும் வராது. "ஹை குவாலிட்டி போட்டுத் தந்திருக்கேன்" என்று கடைக்காரர் பெருமையோடு சொன்னதே வினையாகிவிட்டது.

நடப்பவர் உருவம் அதிர்ந்ததற்கு வட்டும் பிளேயரும் பொறுப்பல்ல. அது கணினி நகலிலும் இருந்தது. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் கடைகளில் இதை அடையாளம் காண்பவர்கள் குறைவு. நம் நாட்டுத் தொலைக்காட்சியின் பால் (PAL) முறையில் வினாடிக்கு 25 படச் சட்டங்கள். ஒவ்வொரு சட்டமும் ஒற்றை வரிகள் (மேல்பாதி), இரட்டை வரிகள் (கீழ்ப்பாதி) என்று இரண்டு பாதிகளாக (ஃபீல்டு), வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு இடைவெளியில் எடுக்கப்பட்டவை. மினி டிவி கேமராக்களில் கீழ்ப்பாதி முதலில் வரும். விஎச்எஸ்ஸிலிருந்து கணினிக்கு இறக்கும் கருவிகள் பலவற்றில் மேல்பாதி முதலில் வரும். கடையின் மென்பொருள் விஎச்எஸ்ஸுக்காக அமைத்த நிலையிலேயே இருந்திருக்கிறது; வளைகாப்புப் படத்தையும் மேல்பாதி முதலில் என்று குறித்து எழுதிவிட்டது. விளைவாக, காலத்தால் பின்னால் வர வேண்டிய பாதி முன்னால் காட்டப்படுகிறது. அக்கா மணையில் அசையாமல் அமர்ந்திருக்கும்போது எந்தக் குறையும் தெரியாது. பக்கத்து வீட்டு மாமி வளையல் தட்டோடு குறுக்கே நடந்தால் அவர் முன்னே தாவுவதும் சற்றுப் பின்னே வருவதுமாக மாறி மாறி அதிர்கிறார். அசைவில் மட்டும் அதிர்வு, அசையாத காட்சியில் தெளிவு என்றால் பாதிகளின் வரிசை மாறியிருக்கிறது என்று தயங்காமல் சொல்லலாம். வட்டைத் துடைப்பதாலோ பிளேயரை மாற்றுவதாலோ இது தீராது. மூலப் பதிவிலிருந்து சரியான வரிசையில் மறுபடி சுருக்கி எழுதுவதே நம்பகமான வழி.

படத்தில் அக்காவின் பெயர் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, இறுதி வட்டுக்கு முன்பே கடையில் மாதிரி வட்டு ஒன்று தந்தார்கள். அழித்து எழுதக்கூடிய டிவிடி-ஆர்டபிள்யூ அது. அம்மாவின் பிளேயர் அதை அடையாளமே காணவில்லை. ஒருமுறை மட்டும் எழுதும் ஓரடுக்கு வட்டும் ஓரடுக்கு அச்சு வட்டும் லேசர் ஒளியில் 45 விழுக்காட்டுக்கு மேல் திருப்பி அனுப்பும். ஆர்டபிள்யூ வட்டு 18 முதல் 30 விழுக்காடு வரைதான் அனுப்பும். பழைய பிளேயர்கள் சிலவற்றுக்கு அது போதாது. மாதிரி வட்டு திக்குவதைக் கொண்டு கடையின் வேலையை எடைபோட வேண்டாம். மாதிரியைக் கணினியில் பார்த்துக்கொள்வது நல்லது.

துடைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. பர்மா பஜாரில் விசிடி வாங்கிப் பழகிய நம் தலைமுறைக்கு, படம் நின்றால் வட்டை எடுத்து வேட்டி நுனியால் வட்டமாகத் துடைப்பது கைப்பழக்கம். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் பதிவுத் தடத்தோடு ஓடி, தொடர்ச்சியான பகுதியை அழிக்கும். நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடைத்தால் கீறல் தடத்தைக் குறுக்கே வெட்டும், அந்த அளவு சேதத்தைப் பிளேயரின் பிழைத்திருத்தம் சமாளித்துவிடும்.

இவ்வளவையும் எடுத்துச் சொன்னபோது கடைக்காரர் முகம் சுளிக்கவில்லை என்பதை நேர்மையோடு பதிவு செய்ய வேண்டும். முதலில் லென்ஸ் கதையை மறுபடி தொடங்கினார். அவருடைய கடைக் கணினியிலேயே வளைகாப்பு நகலை ஓட்டி, மாமி நடக்கும் இடத்தில் நிறுத்திக் காட்டியதும், "ஆமா சார், ஃபீல்டு மாறியிருக்கு" என்று உடனே ஒப்புக்கொண்டார். மூலப் பதிவுகள் கடைக் கணினியில் இன்னும் அழியாமல் இருந்தது நம் நல்வினை. கல்யாணத்தை இரண்டு வட்டுகளாகப் பிரித்து, 8 மடங்கு வேகத்தில், ஸ்டிக்கர் இல்லாமல் எழுதினார். எழுதி முடித்தபின், வட்டில் எழுதப் பயன்படும் இம்ஜ்பர்ன் மென்பொருளின் சரிபார்ப்பையும் ஓட்டச் சொன்னேன், அதற்கு மட்டும் "டைம் ஆகும் சார்" என்று சற்று முனகினார். வளைகாப்பைப் பாதிகளின் வரிசையைத் திருத்தி, பிட்ரேட்டைக் குறைத்து மறுபடி சுருக்கினார். புதிய வட்டுகளின் விலையை மட்டுமே வாங்கினார். அம்மாவின் பிளேயரில் அவை இப்போது கடைசி நன்றி அட்டை வரை ஓடுகின்றன.

அப்படியானால் இந்தக் கடைக்குப் போகலாமா? கேட்டு வாங்கத் தெரிந்தவர்கள் போகலாம். கேட்காமலே சரியாகக் கிடைக்கும் என்று நம்பிப் போகிறவர்கள் சிரமப்படுவார்கள். ஒரு வட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், ஸ்டிக்கர் வேண்டாம், 16 மடங்கு வேகம் வேண்டாம் என்ற மூன்றையும் கேசட்டைக் கொடுக்கும்போதே ரசீதில் எழுதி வாங்குங்கள். ஒரு பென் டிரைவையோ ஹார்ட் டிஸ்கையோ கையோடு கொண்டுபோய், மூலப் பதிவையும் அதில் நகலெடுத்துத் தரச் சொல்லுங்கள். மினி டிவி மூலப் பதிவு மணிக்கு 13 ஜிபி வரை பிடிக்கும் என்பதால் 64 ஜிபி டிரைவ் தேவைப்படும். இந்தக் கடையில் மூலத்தைச் சில வாரங்களே வைத்திருந்து பிறகு அழித்துவிடுகிறார்கள். ஆகவே வட்டு கைக்கு வந்த அன்றே, முன்பகுதியை மட்டும் பார்த்துத் திருப்தியடையாமல், கடைசி அரை மணி நேரத்தையும் யாராவது நடந்து செல்லும் ஒரு காட்சியையும் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.