பின் ஆக்சிலின் ஆட்டம்: ரப்பரா, பாலியூரித்தேனா, ரோஸ் ஜாயின்ட்டா?

1960களின் பந்தயக் கார் ஒன்று, வளைவின் நடுவில் ஸ்டீயரிங் அசையாதபோதே பின்பக்கத்தை வெளியே தள்ளினால் பலரும் ஷாக் அப்சார்பர் மீதுதான் பழி போடுவார்கள். ஆனால் உள்ளே பார்த்தால், ஆக்சிலை உடற்கூட்டோடு இணைக்கும் ஏதோ ஒரு மூட்டு தளர்ந்திருக்கும். அதைச் சரிசெய்ய மூன்று வழிகள் உண்டு. விலையுயர்ந்ததே சிறந்தது என்று நினைத்து வாங்குவது பண விரயம். மூட்டு எந்தத் திசையில் அசைய வேண்டும் என்பதுதான் முதல் கேள்வி.

அதற்கும் முன்பு ஒரு சோதனை இருக்கிறது. எடை சக்கரங்களில் இருக்கும்படி காரைப் பள்ளத்தின் மேல் நிறுத்துங்கள். ஒருவர் காரைப் பக்கவாட்டில் ஆட்ட, இன்னொருவர் கீழிருந்து ஒவ்வொரு மூட்டிலும் விரல் வைத்துப் பார்க்கட்டும். ஆட்டம் புஷ்ஷில் (போல்ட்டைச் சுற்றி மூட்டுக்குள் இருக்கும் உறையில்) இருக்கிறதா, மூட்டைத் தாங்கும் பிராக்கெட்டின் போல்ட் துளையில் இருக்கிறதா என்று விரலே சொல்லிவிடும். துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் எந்தப் புஷ்ஷாலும் பயனில்லை. துளையை வெல்டிங்கில் அடைத்து, மறுபடி சரியான அளவில் துளையிட வேண்டும்.

ரப்பரைப் பழைய சமாசாரம் என்று ஒதுக்குபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். நல்ல நிலையில் உள்ள ரப்பர் புஷ்ஷில் இருப்பது ஆட்டமல்ல, நெகிழ்வு. அது எல்லாத் திசையிலும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், முறுக்கத்தையும் தாங்கும், விசை நீங்கியதும் பழைய இடத்துக்குத் திரும்பும். பந்தய டயரின் பிடிக்கு இந்த நெகிழ்வு அதிகம் என்பது உண்மை. எண்ணெய் பட்டால் ரப்பர் கெடும் என்பதும் உண்மை. 1963இல் வந்த லோட்டஸ் கார்ட்டினாவில், ஆக்சிலைப் பிடித்திருந்த ஏ வடிவச் சட்டம் டிஃபரன்ஷியல் கூட்டின் (ஆக்சிலின் நடுவில் பல்சக்கரங்கள் உள்ள கூட்டின்) அடியில் பொருத்தப்பட்டிருந்தது. அந்த விசையில் கூட்டின் போல்ட்டுகள் தளர்ந்தன. கசிந்த எண்ணெய் புஷ்களைக் கெடுத்தது. 1965இல் லீஃப் ஸ்பிரிங்குக்கே (பட்டை வடிவ ஸ்பிரிங்குக்கே) மாறிவிட்டார்கள்.

ரப்பரைவிட விறைப்பான செயற்கைப் பொருளான பாலியூரித்தேன் ‘நடுவழி’ என்ற பெயரில் விற்கப்படுகிறது. விஷ்போன் கையின் (சக்கரத்தை உடற்கூட்டோடு இணைக்கும் வி வடிவக் கையின்) உள்முனைபோல, ஒரே அச்சில் மட்டும் சுழலும் இடத்தில் அது அருமையாக வேலை செய்யும். ஆனால் காரின் நீளவாக்கில் செல்லும் நான்கு கைகள் (நீளக் கைகள்) தாங்கும் உறுதியான ஆக்சிலில், அதாவது இரு சக்கரங்களையும் ஒரே தண்டாக இணைக்கும் ஆக்சிலில், அதைப் போடுவதை நான் ஏற்கமாட்டேன். கார் சாயும்போது அந்தக் கைகள் தம் அச்சில் முறுக வேண்டும். பாலியூரித்தேன் அதற்கு இடம் கொடுக்காது. மூட்டு இறுகி, கேட்காமலே ஒரு கூடுதல் ஆன்டி ரோல் பார் (கார் சாய்வதைத் தடுக்கும் கம்பி) முளைத்ததுபோல் ஆகிவிடும். பின்சக்கரங்கள் முன்னறிவிப்பின்றிப் பிடியை இழக்கும். ஆட்டத்தைப் போக்கப் போய் அதைவிட மோசமான குணத்தை வாங்கி வந்த கதைதான். போதாக்குறைக்கு, உரிய கிரீஸ் வற்றினால் அது கிறீச்சிடவும் செய்யும்.

ரோஸ் ஜாயின்ட் என்பது உலோகக் கோளத்தை ஒரு வளையத்துக்குள் அடைத்த மூட்டு. நெகிழ்வு அநேகமாக இல்லை, முறுக்கமும் தடையில்லை. நீளக் கைகளுக்கும், ஆக்சில் பக்கம் நகராமல் பிடிக்கும் பக்கவாட்டுக் கம்பிக்கும் என் தேர்வு இதுதான், அதிலும் டெஃப்லான் உள்ளுறை கொண்டது. ஆனால் இது கூலி கேட்கும். தூசி புகுந்தால் தேயும், தேய ஆரம்பித்தால் ஆட்டம் விரைவாக வளரும். ரப்பர் உறிஞ்சிய அதிர்ச்சி இனி நேராகப் பிராக்கெட்டுக்குப் போவதால், மெல்லிய தகட்டில் பற்றவைத்த பழைய பிராக்கெட் விரிசல் விடும். எனவே முதலில் பிராக்கெட்டை வலுப்படுத்தி, போல்ட்டை இருபுறமும் தாங்கும் அமைப்புக்கு மாற்ற வேண்டும். கோளம் கழன்றாலும் கம்பி விழாதபடி அகலமான வாஷர் கட்டாயம். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு ஆக்சிலை மேலும் கீழும் முழுத்தூரம் நகர்த்தி, எந்த மூட்டும் தன் கோண எல்லையில் முட்டவில்லை என்பதையும் பார்த்துவிடுங்கள்.

பக்கவாட்டுப் பிடிப்பில் இன்னொரு போட்டி உண்டு: ஆக்சிலையும் உடற்கூட்டையும் குறுக்காக இணைக்கும் ஒற்றைப் பான்ஹார்ட் கம்பியா, நடுவில் சுழலும் துண்டோடு இரு கம்பிகள் சேர்ந்த வாட் இணைப்பா? ஜேம்ஸ் வாட் நீராவி இயந்திரத்துக்காக 1784இல் காப்புரிமை பெற்ற இணைப்பு, ஆக்சிலை அநேகமாக நேர்க்கோட்டில் ஏற்றி இறக்கும். ஆஸ்டன் மார்ட்டின் டிபி4இன் பின்புறத்தில் அதைக் காணலாம். பான்ஹார்ட் கம்பி வட்ட வில்லில் அசைவதால் ஆக்சில் சற்றுப் பக்கம் நகரும். எவ்வளவு? கிடைமட்டமாக நிற்கும் 1 மீட்டர் கம்பியில், சக்கரம் 50 மில்லிமீட்டர் ஏறினால் நகர்வு சுமார் 1.25 மில்லிமீட்டர். கம்பி 600 மில்லிமீட்டர்தான் என்றால் 2 மில்லிமீட்டரைத் தாண்டும். அதோடு, வலது வளைவுக்கும் இடது வளைவுக்கும் காரின் குணம் சற்று வேறுபடும்.

ஆனாலும் பான்ஹார்டில் மூட்டுகள் இரண்டு, வாட்டில் ஐந்து. ஆட்டத்தோடு போராடும் காரில் தேயக்கூடிய இடங்களைக் கூட்டுவானேன்? நீளமான கம்பிக்கு இடமிருந்தால் நான் பான்ஹார்ட் பக்கம்தான்.

சர்வதேச வரலாற்றுப் பந்தயங்களில் ஓடும் காராக இருந்தால், உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் ‘கே’ பின்னிணைப்பையும் (வரலாற்றுக் கார்களுக்கான விதிகளையும்) காரின் தொழில்நுட்பப் பாஸ்போர்ட்டையும் பார்க்காமல் எதையும் கழற்றாதீர்கள். அக்காலத்தில் அந்தக் காரில் இல்லாத இணைப்பைச் சேர்த்தால் சோதனையில் சிக்கும். ரப்பர்தான் கதி என்றானால் புதிதாகப் போட்டு, கார் தன் எடையில் தரையில் நிற்கும்போது மட்டும் போல்ட்டை இறுக்குங்கள். ஜாக்கியில் சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுகியே நிற்கும், சீக்கிரமே கிழியும்.