இக்னிஷன் ஸ்கேடா: அலாரம் பக்கம் மட்டும் ஒரு ரிவ்யூ

எங்க டையிங் யூனிட்ல ஈடிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு), ஆர்ஓ, எவாப்பரேட்டர் மூணையும் ஒரே ஸ்க்ரீன்ல பாக்கணும்னு இக்னிஷன் 8.1ங்கற ஸ்கேடா சாஃப்ட்வேர் (ப்ளாண்ட கம்ப்யூட்டர்ல கண்காணிக்கிறது) போட்டோம். ட்ரெண்ட், ரிப்போர்ட் பத்தியெல்லாம் ஏற்கனவே நிறைய பேர் சொல்லியாச்சு, எனக்கு புடிச்சது அலாரம்தான்.

கலெக்‌ஷன் டேங்க்ல 85% தாண்டுனா ஹை லெவல் அலாரம். ப்ளோவர் ஓடும்போது தண்ணி அலம்பிக்கிட்டே இருக்கும், லெவல் 84.8, 85.1, 84.9னு ஆடும், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஹூட்டர் கத்தும், ஆபரேட்டர் ஸ்க்ரீன பாக்காமயே அக் (அலாரத்த பாத்துட்டேன்னு சொல்ற அக்னாலெட்ஜ் பட்டன்) அடிச்சிட்டு போயிடுவாரு, அவர குத்தம் சொல்லவும் முடியாது. இக்னிஷன்ல டேக் (ஒவ்வொரு அளவீட்டுக்கும் சாஃப்ட்வேர்ல குடுக்குற பேரு) எடிட்டர்லயே டெட்பேண்ட் 2னு போட்டா லெவல் 83க்கு இறங்குனாதான் அலாரம் க்ளியர் ஆகும், ஆக்டிவ் டிலே 10 செகண்ட் குடுத்தா சும்மா வந்துட்டு போற ஸ்பைக்குக்கெல்லாம் அலாரமே வராது. பிஎல்சி (மெஷின்கள நேரடியா ஓட்டுற கன்ட்ரோலர்) ப்ரோக்ராம தொடவே வேணாம். ஆனா பம்ப் ட்ரிப் இன்டர்லாக் (ஆபத்துன்னா பம்ப தானா நிறுத்துற ஏற்பாடு) எல்லாம் பிஎல்சிலயேதான் இருக்கணும், அத கொண்டுவந்து இங்க வெக்காதீங்க.

அடுத்து ஷெல்விங். பிஹெச் ப்ரோப கழட்டி க்ளீன் பண்றப்ப அந்த அலாரத்த மட்டும் ஒரு மணி நேரத்துக்கு ஒதுக்கி வெக்கலாம், டைம் முடிஞ்சா தானா திரும்பிடும். டிஸேபிள் பண்ணிட்டு மறந்து போற கதையெல்லாம் இல்ல. முக்கியமான அலாரத்துக்கு ஷெல்விங்கே அனுமதிக்காத மாதிரியும் வெக்கலாம்.

ஜர்னல் (எந்த அலாரம் எப்ப வந்துச்சுங்கற பதிவு) எல்லாம் எஸ்க்யூஎல் டேட்டாபேஸ்ல ஏறிடும், ஒரு க்வெரி போட்டா எந்த டேக் அதிகமா கத்துதுன்னு தெரிஞ்சிடும், எங்க ப்ளாண்ட்ல பாதி சத்தம் நாலஞ்சு டேக்லருந்துதான் வந்துச்சு. ஒரு ஆபரேட்டருக்கு சராசரியா 10 நிமிஷத்துக்கு ஒரு அலாரம் வந்தா சமாளிக்கலாம்னு அலாரம் சிஸ்டத்துக்கான ஈஈஎம்யூஏ 191 கைட்லைன் சொல்லுது. 1994ல பிரிட்டன்ல மில்ஃபோர்ட் ஹேவன் ரிஃபைனரி வெடிக்கிறதுக்கு முன்னாடி கடைசி 11 நிமிஷத்துல ரெண்டு ஆபரேட்டர் முன்னாடி 275 அலாரம் வந்து குவிஞ்சுது, எது முக்கியம்னு யாரால பாக்க முடியும்? இக்னிஷன்ல டயக்னாஸ்டிக்லருந்து க்ரிட்டிக்கல் வரைக்கும் 5 ப்ரையாரிட்டி இருக்கு, ஆனா எல்லாத்துக்கும் ஹைன்னு போட்டீங்கன்னா சாஃப்ட்வேர் என்ன பண்ணும்.

அலாரம் பைப்லைனும் (யாருக்கு எப்ப தகவல் போகணும்ங்கற வரிசை) அருமை. ப்ளாக்க இழுத்து விட்டு ஷிஃப்ட் ஆளுக்கு மெயில், 10 நிமிஷத்துல யாரும் அக் பண்ணலன்னா இன்சார்ஜுக்கு, அக் பண்ணிட்டா அதோட நின்னுடும்னு படம் வரைஞ்ச மாதிரி செட் பண்ணலாம். ஆனா நோட்டிஃபிகேஷன் தனி மாட்யூல், தனி காசு, எஸ்எம்எஸ், வாய்ஸ் கால் வேணும்னா அதுக்கு மேலயும் வாங்கணும், நம்ம ஊர்ல எஸ்எம்எஸ்னா டிஎல்டி (கம்பெனிங்க எஸ்எம்எஸ் அனுப்ப பண்ண வேண்டிய பதிவு) ரெஜிஸ்ட்ரேஷன், டெம்ப்ளேட் அப்ரூவல்னு அந்த வேலை வேற இருக்கு. கொட்டேஷன் கேக்கும்போதே இதெல்லாம் சேர்த்து கேளுங்க.

எத்தன டேக், எத்தன க்ளையன்ட் (பாக்குற கம்ப்யூட்டர்) னு கணக்கு பாக்காத லைசென்ஸ்ங்கறதால மூணு நாலு செக்‌ஷன் இருக்கறவங்களுக்கு கட்டுப்படியாகும். ஒரே ஒரு ஆர்ஓ ஸ்கிட்தான்னா பேனல்ல இருக்குற ஹெச்எம்ஐ (சின்ன டிஸ்ப்ளே ஸ்க்ரீன்) போதும். சந்தேகமா இருந்தா டவுன்லோட் பண்ணி ட்ரையல்ல பாருங்க, 2 மணி நேரத்துக்கு ஒரு தடவ ரீசெட் அடிச்சா போதும், ஓடிக்கிட்டே இருக்கும்.