ஜெர்மனிக்குப் படிக்கச் செல்வோருக்கு மடிக்கணினி: ஊரில் வாங்குவதா, அங்கே சென்று வாங்குவதா?

விலையில் வரியால் பெரிய வேறுபாடு வராது; இங்கே 18 விழுக்காடு ஜிஎஸ்டி, அங்கே 19 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரி.

விசைப்பலகை இங்கே வாங்கினால் கைக்குப் பழகியது. அங்குள்ள கடைகளில் பெரும்பாலும் கிடைப்பதில் ஒய்யும் இசட்டும் இடம் மாறியிருக்கும். நிரல் எழுதுவோருக்கு ஓயாமல் தேவைப்படும் சதுர, நெளி அடைப்புக்குறிகளை இடைவெளிப் பட்டைக்கு வலப்புறம் உள்ள ஆல்ட்ஜிஆர் (AltGr) விசையை அழுத்திக்கொண்டுதான் தட்ட வேண்டும்.

இங்கே வாங்குவதற்குப் பன்னாட்டு உத்தரவாதம் உண்டா என்பதைப் பணம் கட்டும் முன்பே எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். அங்கேயோ, புதிய பொருளின் குறைபாட்டுக்கு விற்பனையாளரே 2 ஆண்டுகள் சட்டப்படி பொறுப்பு.

நம் மூன்று முள் செருகி அங்கே நுழையாது. மின்னழுத்தம் ஒன்றே என்பதால் சார்ஜரின் கம்பியை மாற்றினால் போதும்.

நிரல் சார்ந்த படிப்பென்றால் ஊரிலேயே வாங்கலாம். கட்டுரை எழுதும் அளவுக்கே கணினி தேவைப்படுவோர், சில வாரங்கள் பொறுத்து அங்கே வாங்கலாம்.