டைப் செய்யவும் வரையவும் ஒரே கீபோர்டு கேஸ்: இரண்டு வருடம் கழித்து

படிப்பது ஆர்கிடெக்சர். கையில் இருப்பது 2022இல் வந்த ஐபேட் ஏரும் திரையில் வரையும் இரண்டாம் தலைமுறை ஆப்பிள் பென்சிலும். வகுப்பில் நாலு வரி டைப் செய்தவுடன் ஒரு பீம் வரைய வேண்டிவரும், அப்புறம் மறுபடி டைப், உடனே ஒரு செக்‌ஷன் (வெட்டுத்தோற்றப் படம்). ஒரு மணி நேரத்தில் இப்படிப் பத்துப் பதினைந்து தடவை மாற வேண்டியிருக்கும் என்பது முதல் கேஸ் வாங்கும்போது எனக்கு உறைக்கவே இல்லை.

அது திரை அந்தரத்தில் நிற்கிற காந்த வகை. டைப் செய்ய அருமை, மடியில் வைத்தாலும் ஆடாது. ஆனால் பின்னால் மடங்காது. வரைய வேண்டுமென்றால் ஐபேடைப் பிய்த்தெடுத்து வெறும் உடம்போடு மேசையில் போட வேண்டும், கேமரா மேடு வேறு இருப்பதால் ஒரு மூலையில் கை வைத்தால் தடக் தடக் என்று ஆடும். சோம்பல்பட்டு வரைவதையே குறைத்துவிட்டேன், அதனால்தான் விற்றேன்.

இப்போது இருப்பது, முதுகில் ஸ்டாண்டும் தனியாகக் கழலும் கீபோர்டும் உள்ளது. கீபோர்டை இழுத்தால் வந்துவிடும், கேஸ் அப்படியே இருக்கும். ஸ்டாண்டைக் கடைசிவரை விரித்தால் டிராஃப்டிங் பலகை மாதிரி தாழ்ந்து படுக்கும். ஐபேடின் பின்பக்கத்து மூன்று உலோகப் புள்ளிகள் வழியாகவே கீபோர்டுக்கு மின்சாரம் போகிறது, தனியாகச் சார்ஜ் கிடையாது. விசைகளில் தமிழ் எழுத்து இல்லைதான், செட்டிங்ஸில் தமிழ்99 விசை அமைப்பைச் சேர்த்தால் போதும், கன்ட்ரோலும் ஸ்பேஸும் அழுத்தினால் மாறிவிடும்.

குறை இல்லாமல் இல்லை. ஸ்டாண்டும் கீபோர்டும் சேர்ந்து நீளமாக இடம் கேட்கும், எழுதுபலகை வைத்த நாற்காலியில் நிற்கவே நிற்காது, மடியில் சொல்லவே வேண்டாம். 461 கிராம் ஐபேட் இதோடு சேர்ந்து ஒரு கிலோவுக்கு வந்துவிட்டது (இதற்கு லேப்டாப்பே தூக்கியிருக்கலாம் என்று அம்மா சொல்வது தனிக்கதை). துணி ஓரம் ஒரே வருடத்தில் நைந்துவிட்டது.

வாங்கும்முன் கேஸில் ஐபேடின் நீள விளிம்பு திறந்திருக்கிறதா என்று பாருங்கள், பென்சில் அங்கே ஒட்டித்தான் சார்ஜ் ஆகும். அப்புறம் ஸ்டாண்டைப் பாதி விரித்து, வரைகிற மாதிரி உள்ளங்கையைக் கீழ் மூலையில் ஊன்றி அழுத்துங்கள். சரிந்தால் கடையிலேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.