கத்தரியால் வெட்டிய முடிக்கு வந்த ஜீன் ரிப்போர்ட்

பெங்களூரில் சொந்தக் குதிரை வைத்திருக்கும் தமிழர்கள் அதிகம் இருக்க மாட்டீர்கள், இருந்தாலும் எழுதி வைக்கிறேன். குதிரைக்குத் தசை நோய் கண்டுபிடித்துத் தருகிறேன் என்று லாயம் லாயமாகப் போகிற ஒரு 'ஆலோசகரிடம்' 38,000 ரூபாய் விட்டேன்.

என்னுடையது ரேஸ் ஓடி முடித்த தரோபிரெட் இனப் பெண் குதிரை, யலஹங்கா தாண்டி ஒரு லாயத்தில் இருக்கிறாள். நன்றாகத் தின்றும் இளைத்துக்கொண்டே போனாள். நிற்கும்போது நாலு காலையும் வயிற்றுக்கடியில் ஒடுக்கி, தொடை வெடவெடக்க, பாரத்தை மாற்றி மாற்றிப் போடுவாள்; நடக்கவிட்டால் பரவாயில்லை.

இந்த ஆள் ஐந்து நிமிஷம் பார்த்தார், 'பரம்பரைத் தசை நோய், பி.எஸ்.எஸ்.எம்.' என்றார், வாலில் ஒரு கொத்து முடியைக் கத்தரியால் வெட்டி ரப்பர் பேண்ட் போட்டுக் கவரில் வைத்தார். ரத்தம் எடுக்கவே இல்லை. எங்கள் சைஸ் (குதிரையைப் பார்த்துக்கொள்பவர்) முன்பு ஸ்டட் ஃபார்மில், அதாவது குதிரை வளர்க்கும் பண்ணையில், இருந்தவர், அப்போதே "வேரோட பிடுங்க வேணாமா சார்?" என்றார். நான்தான் "அவருக்குத் தெரியாததாண்ணே" என்று அடக்கிவிட்டேன். முடியை வைத்து இந்த டெஸ்ட் செய்வதானால் டி.என்.ஏ. எடுப்பதே அதன் வேர்க்காலிலிருந்துதான். ஆனாலும் மூன்று வாரத்தில் 'பாசிட்டிவ்' வந்தது, கூடவே மாதம் 6,500 ரூபாய்க்கு ஒரு பவுடரும்.

அந்த நோயின் முதல் வகைக்கான ஜீன் டெஸ்ட் நிஜமானதுதான், ஜி.ஒய்.எஸ்.1 மரபணுவில் உள்ள மாற்றத்தை 2008-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால் அது குவார்ட்டர் ஹார்ஸ் என்ற அமெரிக்க இனத்திலும் வண்டி இழுக்கும் கனத்த இனங்களிலும் வருவது, தரோபிரெட்டில் அபூர்வம். இரண்டாம் வகைக்கென்று விற்கும் ஜீன் டெஸ்டுகளைத் தசை நோய் ஆய்வாளர்கள் ஏற்கவில்லை. இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது.

நாலு மாசம் வீணான பிறகு ரேஸ் குதிரைகள் பார்க்கும் ஒரு டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "பச்சைப்புல் கடைசியா எப்போ தின்னுச்சு?" ஒன்றரை வருஷமாகக் காய்ந்த புல்லும் கொள்ளும் தவிடும்தான். புல் காயும்போதே வைட்டமின் ஈ போய்விடுமாம். ரத்தத்தில் அது மில்லிக்கு 2 மைக்ரோகிராமாவது இருக்க வேண்டும், இவளுக்கு 0.6. தசை சிதைந்தால் ரத்தத்தில் ஏறும் சி.கே. என்ற என்சைம் கொஞ்சம்தான் ஏறியிருந்தது, ஓட்டத்துக்குப் பின் தசை இறுகிப் போகும் நோயாக இருந்தால் 4 முதல் 6 மணி நேரத்தில் எங்கேயோ போயிருக்கும். வால் அடியிலிருந்து சின்னத் துண்டு தசை எடுத்து பயாப்ஸி செய்ததில், நரம்பு செத்து வற்றிய தசை. மோட்டார் நியூரான் நோய், அதாவது வைட்டமின் ஈ நெடுநாள் கிடைக்காமல் தசையை இயக்கும் நரம்புகள் சாகும் நோய்.

இப்போது தினமும் குதிரை மசால் என்ற பச்சைத் தீவனமும் வைட்டமின் ஈயும். நடுக்கம் குறைந்திருக்கிறது, ஆனால் செத்த நரம்பு திரும்பாது. இனி மேலே ஏறி ஓட்டுவதற்கில்லை.

அந்த ஆளுக்குப் போன் போட்டு, வெட்டிய முடியில் எப்படி டெஸ்ட் செய்தீர்கள் என்று கேட்டேன். 'லேப்ல பாத்துக்குவாங்க' என்றார். எந்த லேப் என்றதும் கட் பண்ணிவிட்டார். பிரிக்காத பவுடர் டப்பா இரண்டு இன்னும் லாயத்தில் இருக்கிறது.