காரைக்குடிப் பக்கம் ‘ஆயுளுக்கும் ஒரே ஏர் ஃபில்டர்’ என்று விற்கிறார்கள், வாங்காதீர்கள்

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் கார் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் கடைக்குப் போங்கள். கழுவிக் கழுவிப் போடலாம், கார் ஓடுகிற வரைக்கும் மாற்றவே வேண்டாம் என்று சொல்லி, சிவப்பு எண்ணெய் தடவிய பஞ்சுத்துணி ஏர் ஃபில்டர் ஒன்றை விற்கிறார்கள். இன்ஜினுக்குப் போகிற காற்றில் தூசியை வடிகட்டுவதுதான் ஏர் ஃபில்டரின் வேலை. என்னிடம் 4,800 ரூபாய் வாங்கினார்கள். கம்பெனி பேப்பர் ஃபில்டர் என் டீசல் காருக்கு 450 ரூபாய்தான்.

“அண்ணே, லிட்டருக்கு மூணு கிலோமீட்டர் கூடும். பிக்-அப் நல்லா இருக்கும். வாரண்டிக்கு ஒண்ணும் ஆகாது, நான் பொறுப்பு.” கடைக்காரர் சொன்னது இவ்வளவுதான். மூன்றுமே பொய்.

மைலேஜ் ஒரு சொட்டுகூடக் கூடவில்லை. கூட வழியும் இல்லை. டீசல் இன்ஜினுக்குத் தேவைக்கு மேலேயே காற்று போய்க்கொண்டுதான் இருக்கிறது, அது அளந்து ஊற்றுவது டீசலைத்தான். பெட்ரோல் காரிலும் ஃபில்டரை மாற்றி மைலேஜைக் கூட்ட முடியாது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-ல் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறது. இன்றைய இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் கார்களில் அடைத்துப்போன ஃபில்டரை வேண்டுமென்றே மாட்டி ஓட்டினார்கள். வண்டி வேகம் எடுப்பது மந்தமானதே தவிர, மைலேஜ் சொல்லும்படி குறையவில்லை. அடைத்த ஃபில்டரிலேயே மைலேஜ் குறையாதபோது, நல்ல பேப்பர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு இதை மாட்டினால் மூன்று கிலோமீட்டர் எங்கிருந்து வரும்?

காசு போனதுகூடப் பெரிதில்லை. நம் ஊர்ப் புழுதியைப் பாருங்கள். நான் தினமும் புதுவயல் போய் வருகிறவன். முன்னால் நெல் லாரி, பக்கத்தில் ரைஸ்மில் தவிட்டுத்தூசி, ஓரத்தில் இறங்கினால் செம்மண். இதில் மணல்தான் எமன். நைசான மணல் உள்ளே போனால் சிலிண்டரையும் பிஸ்டன் ரிங்கையும் தேய்க்கும், காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிற டர்போவின் இலைகளை அரிக்கும். இன்ஜின் ஆயில் குடிக்க ஆரம்பித்த பிறகுதான் நமக்கே தெரியும். பேப்பர் ஃபில்டர் நெருக்கமான இழை, தூசி படியப் படிய இன்னும் நன்றாகப் பிடிக்கும். பஞ்சுத்துணியின் கண்கள் பெரியவை. காற்று தாராளமாகப் போக வேண்டும் என்றே அப்படிச் செய்கிறார்கள். தூசியை நிறுத்துவது எண்ணெய்ப் பிசுக்குதான். அந்தப் பிசுக்கு ஒரு இடத்தில் காய்ந்தாலும் மணல் உள்ளே போகும்.

கடைக்காரரே “சர்வீஸ்” என்று 600 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒருமுறை கழுவிக் கொடுத்தார். கழுவினால் நிழலில் தானாக முழுக்கக் காய வேண்டும். அப்புறம் எண்ணெயை மெல்லியதாகத் தடவி, அது துணியில் ஊறும்வரை விட்டு வைக்க வேண்டும். அவர் கம்ப்ரஸரில் காற்றடித்து, எண்ணெயைக் கொட்டி, அந்த மணி நேரத்திலேயே மாட்டிக் கொடுத்துவிட்டார்.

அதற்கப்புறம் அப்பச்சியைக் கண் பரிசோதனைக்கு மதுரைக்கு அழைத்துப் போனேன். திருப்பத்தூர் தாண்டியதும் செக் இன்ஜின் லைட் எரிந்தது. வண்டி இழுக்கவில்லை, பின்னால் கரும்புகை. எண்பது வயது மனிதரை வைத்துக்கொண்டு மேலூர் வரை ஊர்ந்துதான் போனேன். லாரிகள் ஒலி எழுப்பிக்கொண்டே உரசிக்கொண்டு போகும்போது அவர் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஊருக்கு வந்ததும் எங்கள் மெக்கானிக் தம்பி ஃபில்டர் டப்பாவைத் திறந்தார். ஃபில்டருக்கு அப்பால், இன்ஜினுக்குப் போகிற குழாய் சுத்தமாக இருக்க வேண்டிய பக்கம். அதில் வெள்ளைத் துணியை விட்டுத் துடைத்தார். துணி காவி நிறத்தில் வந்தது. விரலில் தேய்த்தால் நறநறவென்று மணல். “அண்ணே, இங்க பாருங்க” என்று டப்பாவின் மூலையைக் காட்டினார். ரப்பர் ஓரம் பள்ளத்தில் சரியாக உட்காரவில்லை, நகம் நுழைகிற அளவுக்கு இடைவெளி. அந்த மூலையிலிருந்து செம்மண் விசிறி மாதிரி விரிந்து படிந்திருந்தது. அதாவது இது என் காருக்கான அளவே இல்லை.

காற்றை அளக்கிற சென்சாரிலும் எண்ணெயும் மண்ணும் சேர்ந்து ஒட்டியிருந்தது. அதன் உள்ளே சூடேறுகிற நுண்ணிய பாகம் ஒன்று உண்டு. காற்று பட்டு அது குளிர்வதை வைத்துத்தான் எவ்வளவு காற்று போகிறது என்று கணக்கு. அதில் பிசுக்கு ஏறினால் கணக்கு தப்பும். ஸ்ப்ரே அடித்துப் பார்த்தோம், சரியாகவில்லை. கம்பெனி சர்வீஸில் வாரண்டி தர மறுத்துவிட்டார்கள். சென்சாரில் வெளி எண்ணெய் இருக்கும்போது அவர்கள் மறுப்பதில் நியாயம் உண்டு. 9,000 ரூபாய் கொடுத்துப் புதிது போட்டேன்.

“நான் பொறுப்பு” என்ற கடைக்காரர், “உங்க வண்டியில ஏற்கெனவே கோளாறு” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். பில் கேட்டதற்கு அன்றைக்குத் தந்தது எஸ்டிமேட் சீட்டு. அதில் “ஏர் ஃபில்டர் 1” என்று மட்டும் இருக்கிறது, ஜிஎஸ்டி எண் இல்லை. ஃபில்டர் வந்த அட்டைப் பெட்டியில் வெளிநாட்டுச் சரக்கு என்று போட்டிருக்கிறது, ஆனால் இறக்குமதி செய்தவர் பெயரும் இல்லை, அதிகபட்ச விலையும் இல்லை. இரண்டையும் அச்சிட வேண்டும் என்பது 2011 பொட்டலப் பொருள் விதி.

ஏற்கெனவே மாட்டியிருப்பவர்கள் இன்றைக்கே அந்த வெள்ளைத் துணிச் சோதனையைச் செய்து பாருங்கள். குழாயில் மண் வந்தால் உடனே கழற்றுங்கள், சென்சாரையும் பார்க்கச் சொல்லுங்கள். பேப்பர் ஃபில்டரையே போட்டு, நம் புழுதிக்குக் கம்பெனி சொல்கிற கிலோமீட்டருக்கு முன்னாலேயே மாற்றினால் போதும். கழற்றுகிற பழைய ஃபில்டரைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். என்னுடையதை “தூக்கிப் போட்டாச்சு” என்றார்கள்.

ஏமாந்தவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அதில் தீராவிட்டால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, 2 ஆண்டுக்குள் போட வேண்டும். பணம் அனுப்பிய ஜிபே ரசீது, எஸ்டிமேட் சீட்டு, அட்டைப் பெட்டி, அந்தக் காவித் துணி எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். கடைக்காரருக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் போயிருக்கிறது. பதில் வந்தால் எழுதுகிறேன்.