சூப்பானா, விரலா, தாய்மடியா? தூக்கத்துக்கு எது துணை?

இரவு 2 மணி. குழந்தையின் வாயிலிருந்து சூப்பான் நழுவி விழுகிறது. கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சிணுங்கல், அப்புறம் வீடே அதிரும் அழுகை. இருட்டில் மெத்தையைத் துழாவி, அதைத் தேடியெடுத்து வாயில் வைத்த மறுநொடி பிள்ளை தூங்கிவிடும். நாம்தான் விழித்திருப்போம். மூன்றரை மணிக்கு மறுபடியும் அதே கூத்து.

இப்படி நாலு நாள் போனால், "பேசிஃபையரைப் பழக்கியதே தப்போ?" என்று தோன்றாமல் இருக்காது. எனக்கும் தோன்றியது. ஆனால் அது இல்லாவிட்டால் பிள்ளை எதை வைத்துத் தூங்கியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தால் கணக்கு வேறு மாதிரி வருகிறது. சூப்புவது யாரும் கற்றுக்கொடுத்து வந்த பழக்கம் இல்லை. வயிற்றுக்குள் இருக்கும்போதே விரல் சூப்பும் சிசுவை ஸ்கேனில் பார்த்திருப்பீர்கள். ஆக, சூப்பானுக்குப் போட்டி 'எதுவுமே இல்லாமல் தூங்குவது' அல்ல. விரல், தாயின் மார்பு, தட்டிக்கொடுக்கும் கை, இந்த மூன்றும்தான்.

முதலில் விரல். அதன் பெரிய பலம், அது தொலையாது. கைக்குழந்தையின் ஒரு தூக்கச் சுற்று ஏறக்குறைய 50 முதல் 60 நிமிடம். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் பிள்ளை லேசாக விழிக்கும். தூங்கப் போகும்போது வாயில் இருந்தது இப்போதும் இருக்கிறதா என்று தேடும். விரல் சூப்பும் பிள்ளை தானாகவே விரலை வாய்க்குக் கொண்டுபோய் அடுத்த சுற்றுக்குள் நுழைந்துவிடும். சூப்பான் பிள்ளைக்கு அதை எடுத்துத் தர ஆள் வேண்டும். அந்த ஆள் நாம்.

ஆனால் தொலையாத பொருளைத் தூக்கிப் போடவும் முடியாது. சூப்பானை ஒருநாள் குப்பைக்கூடையில் போட்டுக் கதையை முடிக்கலாம். விரலை என்ன செய்வது? அதனால்தான் விரல் சூப்பும் பழக்கம் பள்ளிக்கூடம் வரை தொடர்வதை அதிகம் பார்க்கிறோம். பல் விஷயத்தில் இரண்டும் ஒரே குட்டையில் ஊறியவை. நீண்ட காலம் சூப்பினால், வாயை மூடினாலும் மேல், கீழ் முன்பற்கள் ஒன்றையொன்று தொடாமல் நடுவே சந்து விழும். மூன்று வயதுக்குள் நிறுத்திவிட்டால் அது பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். 'பல்லுக்கு ஏற்ற வடிவம்' என்று அட்டையில் போட்டு விற்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வடிவத்தைவிட எத்தனை வருடம், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்பதுதான் பல்லைப் பாதிக்கிறது.

சூப்பான் கையில் ஒரு துருப்புச்சீட்டும் இருக்கிறது. தூங்கும் நேரத்தில் சூப்பான் வைக்கப்படும் குழந்தைகளிடம், காரணம் தெரியாமல் நேரும் திடீர் சிசு மரணம் குறைவாக இருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கின்றன. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2005 முதல் இதைத் தன் தூக்கப் பரிந்துரைகளில் சேர்த்திருக்கிறது. எப்படிக் காக்கிறது என்பது இன்னும் யாருக்கும் முழுதாகப் பிடிபடவில்லை. அந்தப் பரிந்துரையோடு வரும் ஒரு வரியைத்தான் தூக்கமில்லாத பெற்றோர் கவனிக்க வேண்டும்: பிள்ளை தூங்கிய பிறகு சூப்பான் விழுந்தால் திரும்ப வைக்கத் தேவையில்லை. அழாமல் தூங்கும் பிள்ளையின் வாயில் அதைத் திணிக்கப் போய் எழுப்பிவிட்டவர்களில் நானும் ஒருத்தி. இன்னொன்று, மல்லாக்கப் படுக்க வைப்பதற்கும், தலையணை, போர்வை இல்லாத சமமான உறுதியான மெத்தைக்கும் சூப்பான் ஈடாகாது. அவற்றோடு சேர்ந்தால்தான் அதற்கு மதிப்பு.

அடுத்து தாய்ப்பால். உலக சுகாதார அமைப்பும் யுனிசெஃபும் 1989-ல் வெளியிட்ட தாய்ப்பாலுக்கான பத்துப் படிகளில், பால் குடிக்கும் குழந்தைக்குச் சூப்பான் கொடுக்கவே கூடாது என்றிருந்தது. 2018-ல் அதைத் தளர்த்தி, அதன் பயன்பாட்டையும் அபாயத்தையும் தாய்க்கு எடுத்துச் சொல்லுங்கள் என்று மாற்றினார்கள். பயம் நியாயமானதுதான். கையை வாயில் வைப்பதும் தலையைத் திருப்பி மார்பைத் தேடுவதும் பசியின் அடையாளம். அந்த நேரத்தில் ரப்பரைக் கொடுத்தால் பசி மறைந்துபோகும், பால் சுரப்பும் பாதிக்கலாம். அதனால், பால் குடிப்பது சீராகும் வரை, அதாவது முதல் மூன்று நான்கு வாரங்களுக்கு, சூப்பானைத் தள்ளி வைப்பதே நல்லது. அதன் பிறகு, மார்பிலேயே தூங்கிப் பழகிய பிள்ளைக்கும் சூப்பான் பிள்ளைக்கும் வித்தியாசம் ஒன்றுதான்: இரவில் எழ வேண்டியது யார்? சூப்பானை அப்பாவும் எடுத்துக் கொடுக்கலாம். (பால் புட்டியை வாயில் வைத்தபடியே தூங்க விடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். பல்லும் கெடும், புரையேறவும் கூடும்.)

தட்டிக்கொடுப்பதிலும் ஆட்டுவதிலும் பல்லுக்கோ காதுக்கோ ஒரு கெடுதலும் இல்லை. கைதான் விட்டுப்போகும்.

ஆறு மாதத்தில் தராசு சாய்கிறது. திடீர் சிசு மரணங்களில் சுமார் 90 சதவீதம் முதல் ஆறு மாதங்களுக்குள் நேர்பவை. ஆக, சூப்பானின் துருப்புச்சீட்டு அதன் பிறகு வலுவிழக்கிறது. அதே சமயம் நடுக்காதுத் தொற்றுக்கு அது ஒரு காரணமாகிறது. அதனால் என் ஓட்டு, முதல் மாதம் தாய்மடி, பிறகு ஆறு மாதம் வரை சூப்பான், அதோடு சரி. நாலாவது, ஐந்தாவது மாதம்தான் இரண்டுங்கெட்டான் காலம். விழுந்ததைத் தானே தேடி எடுக்கத் தெரியாது, விடவும் மனம் வராது. நிறுத்த மனமில்லாதவர்கள் இன்னும் ஓரிரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டால், ஏழெட்டு மாதத்தில் பிள்ளையே துழாவி எடுத்து வாயில் வைத்துக்கொள்ளும். படுக்கையில் நாலைந்து சூப்பானைப் போட்டு வைத்தால் ஏதாவது ஒன்று கையில் மாட்டும்.

எதைத் தேர்ந்தாலும் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டவோ, தூங்கும்போது சட்டையில் கட்டிவிடவோ கூடாது. ஒரு வயதுக்குள் தேன் தடவிக் கொடுக்கவே கூடாது, பொட்டுலிசம் என்னும் நச்சுநோய் வரலாம். கழன்று வராத ஒரே துண்டாகப் பார்த்து வாங்குங்கள். ரப்பர் பிசுபிசுத்தாலோ கீறல் விழுந்தாலோ தூக்கிப் போட்டுவிடுங்கள்.

என் மகள் ஏழாம் மாதம் சூப்பானை விட்டாள். மூன்று இரவு அழுகை. நான்காம் நாள் காலையில் எட்டிப் பார்த்தால், கட்டைவிரல் வாயில். பல்லைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய நேரம்தான். ஆனால் அன்று இரவு 2 மணிக்கு நான் எழுந்திருக்கவே இல்லை.